கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள், பார்க்க வந்தவர்கள்

பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் புதைந்திருக்கிறார்கள். மனைவி ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில்தான் முதல் கேமரா கைக்கு வந்தது. அதற்குப் பிறகு டென்னிசனையும் டார்வினையும் உட்காரவைத்துப் படம் எடுத்து, புகைப்படக் கலையின் வரலாற்றிலேயே இடம் பிடித்துவிட்டார். 1875இல் தம்பதியர் இலங்கைக்குக் கப்பலேறியபோது சாமான்களோடு சாமானாகத் தங்கள் சவப்பெட்டிகளையும், கூடவே ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று கதை உண்டு. திரும்பிப் போகிற எண்ணமில்லாத பயணிகள்! 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நம்மவர்களும் உண்டு. சேலைத் தலைப்பைச் சரிசெய்யாத பெண், கூட்டமாக நிற்கும் கூலிகள், கேமராவை முறைக்கும் ஒரு பையன். டென்னிசன் படத்தின் கீழே டென்னிசன் என்று இருக்கும். இந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் ஊர் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம் விவரம் எழுதியிருக்கிறார்: சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்தில் நிற்கும் கிழவர் தன்னை அவளுடைய அப்பா என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்லிக்கொள்கிறார். அங்கேயும் பெயர் இல்லை.

கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன் சும்மா வந்து போனவர் அல்ல. பள்ளிக்கூடத்தில் கோல்புரூக்-கேமரன் சீர்திருத்தம் என்று படிக்கிறோமே, அந்தக் கேமரன்தான். 1833இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சீர்திருத்தத்தில் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு ஒழிந்தது. சிங்களக் கிராமத்தவனைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு இழுக்க முடியாது என்றானது. நிலம் விற்பனைக்கு வந்தது, முதலீடு வந்தது, கோப்பிச் செடி வந்தது. கிராமத்தவன் கூலிக்கு வரவில்லை. ஆளுக்கு எங்கே போவது? கடலுக்கு அந்தப் பக்கம் கை நீண்டது. என் கொள்ளுத்தாத்தா இந்த மலைக்கு ஏறி வந்ததற்கும், இப்போது கேமரன் ஆறடி மண்ணில் படுத்திருப்பதற்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது என்று, நோர்வூட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நான் தோட்டப் பாடசாலையில் சமூகக் கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன். பிறந்தது லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில். அண்ணன் மகன் ஒருவன் சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில் முதுகுப்பைக்காரர்களுக்கு அறை விடுகிறான். முதுகுப்பைக்காரர் என்பது நான் வைத்த பெயர். அவன் சொல்வது பேக்பேக்கர். ஒரு பெரிய பை, அதற்கு முன்னால் ஒரு சின்னப் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். சீசனில் அவனுக்கு ஒத்தாசையாகப் போய் நிற்பேன். இங்கிலீஷ் பேசுகிற கிழவன் என்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் பழைய பயணப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இந்த மலையைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் கடந்துபோனவர்கள். இங்கே நடந்தே வாழ்ந்தவர்களுக்கு நடப்பதற்கே சீட்டுத் தேவைப்பட்டது.

முதுகுப்பைக்காரர்களின் மூதாதை என்று நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வது இப்னு பதூதாவை. மொரோக்கோக்காரர். 1344இல் மாலைத்தீவிலிருந்து வந்த கப்பல் காற்றில் திசைமாறிப் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி அங்கே இருந்தான். அவனுக்குப் பாரசீகம் தெரியும் என்று எழுதுகிறார் பதூதா. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டதற்கு, பாவா ஆதத்தின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். மன்னன் ஒரு பல்லக்கைக் கொடுத்தான். வருடந்தோறும் மலைக்குப் போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், இன்னும் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து ஆள் என்று கூட்டி அனுப்பினான். பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், இரண்டு வழிகள் இருந்ததையும், ஒன்று லேசு மற்றது கடினம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். முஸ்லிமுக்கு ஆதம், பௌத்தருக்குப் புத்தர், நமக்குச் சிவன். மலை ஒன்றுதான். சண்டை பிடிக்காமல் எல்லோரும் சங்கிலியைப் பிடித்தார்கள்.

பதூதாவின் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் பாதம் அல்ல, அட்டை. தண்ணீர் ஓரத்து மரத்திலும் புல்லிலும் இருந்து ஆளின் மேல் குதிக்கிற அட்டையைப் பற்றியும், அது கடித்தால் எலுமிச்சம்பழம் பிழிந்து விழச் செய்வதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட எழுநூறு வருடம் ஆகிறது. எங்கள் பெண்கள் காலில் சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். கடித்த இடத்தில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைத் தொட்டு வைப்பார்கள். அண்ணன் மகன் அறையில் தேசிக்காய் ஒன்றை நறுக்கி உப்போடு சீலைத் துணியில் முடிந்து வைத்திருப்பான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அட்டையைக் கண்டதும் போடுகிற கூச்சல் மஸ்கெலியா வரைக்கும் கேட்கும்.

பதூதாவுக்குப் பிறகு ஐந்நூறு ஆண்டைத் தாண்டிப் போகிறேன். நடுவில் எங்கள் மலை காடாகத்தான் இருந்தது.

நுவரெலியாவை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார்கள் என்று புத்தகங்கள் சொல்லும். 1819இல் டாக்டர் ஜோன் டேவி அந்தப் பக்கம் போனார். கவர்னர் எட்வர்ட் பான்ஸ் அங்கே தனக்கு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதன் மேல் வளர்ந்ததுதான். காய்ச்சல் வந்த சிப்பாய்கள் தேறுவதற்கான குளிர் ஊர் என்ற பெயர் 1820களின் கடைசியில் அதற்கு வந்தது. பிறகு வந்தார் சாமுவேல் பேக்கர், நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பிற்பாடு புகழடைந்த அதே ஆள். முதலில் யானை சுட வந்தவர். இடம் பிடித்துப்போய் 1848இல் இங்கிலாந்திலிருந்து ஒரு சின்ன ஊரையே கப்பலில் ஏற்றிவந்து இறக்கினார். பண்ணையாட்கள், கொல்லன், மாடு, ஆடு, வேட்டை நாய்கள். ஏழெட்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய வேட்டைப் புத்தகத்தைப் படித்தால், இந்த மலையில் எத்தனை மிருகம் இருந்தது என்பது அவை செத்த கணக்கிலிருந்துதான் தெரியவருகிறது. நடப்பதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்டதாக அதில் ஓரிடத்திலும் இல்லை.

அதே வருடங்களில் இன்னொரு கூட்டமும் நடந்துகொண்டிருந்தது. அவர்களில் யாரும் புத்தகம் எழுதவில்லை.

திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாகக் கடற்கரை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. மன்னாரிலிருந்து காட்டு வழி மிகிந்தலை, தம்புள்ளை, பிறகு மாத்தளை. மாத்தளையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஏற்றம். தண்ணீர் கிடைக்காத வன்னிக் காடு. வாந்திபேதி, மலேரியா. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அன்றே அரசாங்கத்துக்கும் தோட்டக்காரருக்கும் தகராறு. நான் அந்த எண்ணிக்கைச் சண்டைக்குள் போகவில்லை. பாட்டி சொன்னதைச் சொல்கிறேன்: அவளுடைய மாமியார் மன்னாரில் இறங்கியபோது மூன்று பிள்ளைகள், மாத்தளைக்கு வந்தபோது ஒன்று. இதைச் சொல்லும்போது பாட்டி அழமாட்டாள். சோறு வடித்துக்கொண்டே சொல்லுவாள்.

முதல் முப்பது நாற்பது ஆண்டு அது போக்குவரத்தாகத்தான் இருந்தது. கோப்பி பறிக்கிற பருவத்துக்கு வந்து, கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பி வயலில் இறங்குவார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் கோப்பி படுத்துவிட்டது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டு வைத்திருந்தார், அது கைகொடுத்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களின் கை வேண்டும், பிள்ளைகளின் கையும் வேண்டும். வந்தவர் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். பயணி அங்கே குடியானவன் ஆனான். சரியாகச் சொன்னால், குடியுரிமை இல்லாத குடியானவன்.

தங்கியவன் நடப்பதற்குச் சீட்டு வந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். ஒருவனோ ஒரு கங்காணியின் ஆட்களோ வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் தாள். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் மறுபடி ஆளின் தலையில் ஏறும். துண்டில்லாமல் போனவன் ஓடிப்போனவன். பிடித்தால் மறியல். இந்த முறையைச் சட்டப்படி ஒழிக்க 1921 ஆனது. இதற்கிடையே ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தகரத் துண்டு ஒன்றும் இருந்தது. எந்தத் தோட்டத்துக்கு ஆள் என்பதற்கான எண் அதில் வெட்டப்பட்டிருக்கும். கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டால் ரயிலும் கப்பலும் தோட்டத்தின் கணக்கில். மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, குளிப்பாட்டி, உடுப்பை அவித்து, நோய் இல்லையென்று பார்த்துவிட்டு அனுப்புவார்கள். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அப்படி ஒரு தகரம் நெடுங்காலம் கிடந்தது. எண்ணின் பாதி துருப்பிடித்துப் போயிருந்தது. தங்கச்சி அதைப் பாண்டி விளையாடச் சில்லாக எடுத்துத் தொலைத்துவிட்டாள். எனக்கு இன்றுவரை கோபம்.

ரயில் வந்ததும் மலை பார்க்க வருகிறவர்களின் தன்மையே மாறியது. கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. அந்தப் பாதை போட்டது முதலில் கோப்பியையும் பிறகு தேயிலைப் பெட்டியையும் இறக்கவும் அரிசி மூட்டையை ஏற்றவும்தான். வெளிநாட்டார் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். 1911இல் ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே வயிற்றுக் கோளாறோடு நுவரெலியாவுக்கு வந்து, தீவிலேயே உயரமான பீதுருதலாகலையில் ஏறி, அந்தக் காட்சியோடு தன் கிழக்குப் பயணத்துக்கு விடை சொன்னார். பிற்காலத்தில் உலகமெங்கும் பை தூக்கிய இளைஞர்கள் அவருடைய சித்தார்த்தா நாவலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அதனால் அவரையும் இந்தக் கூட்டத்தின் பெரியப்பா என்று சொல்லலாம். 1890இல் வந்த தோமஸ் லிப்டனை நான் பயணி என்று சேர்ப்பதில்லை. ஹப்புத்தளையில் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் குன்றில் இன்றைக்குச் சிலை வைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்த ஆள் பார்த்தது காட்சியை அல்ல, தன் சொத்தை.

பார்க்க வந்தவனுக்குத் தோட்டம் திறந்திருந்தது. கேட்க வந்தவனுக்குப் பூட்டியிருந்தது. இதுதான் எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் சுற்றுலாப் புத்தகங்கள் தொடாத பகுதி. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல். லயத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்க வரும் தம்பிக்கும் அதே சட்டம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குத் துணி வியாபாரி வேஷம் போட்டார். தோளில் சேலை மூட்டை. வாசலில் உட்கார்ந்து சேலையை விரித்தால் பெண்கள் கூடுவார்கள். விலையோடு விலையாகச் சம்பளம், கடன், அடி உதை எல்லாம் வெளியே வரும். அந்த முதுகு மூட்டையை நினைத்தால், நம் நாட்டில் மிக உபயோகமாகச் சுமந்த முதுகுப்பை அதுதான் என்பேன். 1931இல் ஹட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அதே 1931இல் ஓய்வெடுக்க வந்த ஒரு பயணியும் உண்டு. ஜவஹர்லால் நேரு. சிறையிலிருந்து வெளிவந்து, உடம்பு தேற, கமலாவோடும் இந்திராவோடும் நுவரெலியாவில் தங்கினார். தோட்டத்துச் சனம் தினமும் மைல் கணக்காக நடந்து அவரைப் பார்க்க வந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காட்டுப் பூ, மரக்கறி, வீட்டில் எடுத்த வெண்ணெய் என்று கையில் எதையாவது கொண்டுவந்தார்களாம். பாஷை தெரியாததால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரியாம். வந்த இடத்தில் எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்தது மட்டுமல்ல, அவரும் இவர்களைப் பார்த்திருக்கிறார் என்பதனால் அந்தப் பக்கத்தை வகுப்பில் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். எட்டு ஆண்டு கழித்து அவர் மறுபடி வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது.

இன்னொருவனைப் பற்றிச் சொல்லாமல் போனால் பிழை. மார்க் பிரேஸ்கெர்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் சின்னத்துரை வேலை பழக வந்த இளைஞன். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தான். ஆட்களோடு பழகினான். அது துரைமார் சமூகத்தில் பெருங்குற்றம், வேலை போனது. நேரே போய்ச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்துகொண்டான். 1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில், வெள்ளைத் தோல்காரன் ஒருவன் மேடையேறித் தொழிலாளர் பக்கம் நின்று துரைமாரைத் தாக்கிப் பேசினான். எங்கள் பாட்டன்மார் அதுவரை அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. நாட்டைவிட்டு வெளியேறு என்று கவர்னர் ஆணை போட்டார். இவன் ஒளிந்துகொண்டான், பிறகு காலிமுகத்திடல் கூட்ட மேடையில் வந்து நின்றான். உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. ஒரு பயணியை நாட்டைவிட்டுத் துரத்த ஒரு கவர்னரால் முடியவில்லை. பதினொரு வருடம் கழித்து, சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் 1948 குடியுரிமைச் சட்டத்தின் மூலம், மூன்று தலைமுறையாக இங்கே இருந்தவர்களை ஒரே கையொப்பத்தில் நாடற்றவர்களாக்கியது.

நான் சிறுவனாக இருந்தபோது நடந்ததுதான் இந்தக் கதையில் என்னால் சாகும்வரை மறக்க முடியாத பகுதி. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்துக்குப் பிறகு பார்ப்போம். அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போய்விட்டதால், தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடியது. ஹட்டன் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறினவரும் அழுவார், ஏற்ற வந்தவரும் அழுவார், கோச்சி அசைந்ததும் அந்தச் சத்தம் ஒன்றாகக் கிளம்பி மேடை முழுக்க நிற்கும். கண்டியில் இந்தியத் தூதரகத்தார் கொடுத்த கடவுச்சீட்டில் இருந்ததுதான் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் படம். பயணம் போவதற்கென்று எங்களுக்குக் கிடைத்த முதல் புத்தகம், திரும்பி வர முடியாத பயணத்துக்காகக் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், காபூல், டில்லி என்று தரைவழியாகவே இறங்கி, ராமேஸ்வரத்தில் அதே கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். நீளத் தலைமுடி, சாயம் போன சட்டை, முதுகில் பை. ஹிப்பிகள் என்று பத்திரிகைகள் எழுதின. இங்கே 1966இல் சுற்றுலாச் சபை தொடங்கிய வருடம் முழுநாட்டுக்கும் வந்தவர்கள் சுமார் 19,000 பேர்தான். ஆகையால் அவர்கள் கண்ணில் படாமல் போக வழியில்லை. என் அப்பாவின் தங்கை, சின்னாத்தை என்று கூப்பிடுவோம், அந்தக் கப்பலில் போனவர். கோத்தகிரியிலிருந்து போட்ட முதல் கடிதத்தில் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருந்தார். எழுதியது அவரல்ல, பக்கத்து வீட்டுப் பையன். ஆனால் பேச்சு அவருடையது. கப்பல் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் பெட்டியோடு மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்புக்கூட இல்லாமல் ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெட்டையும் இறங்கி வருகிறார்கள். யாரோ எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு விட்டிருக்கிறார்கள் என்று அத்தைக்குப் பரிதாபமாகிவிட்டது. வழிக்கென்று சுட்டுக் கட்டிவைத்திருந்த ரொட்டியில் இரண்டை, கட்டைச் சம்பலோடு எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாராம். அவர்களும் அங்கேயே நின்று சாப்பிட்டு, கையைக் கூப்பினார்களாம். "நம்மளவிட மோசமான சனமும் இருக்கு அண்ணே" என்று அப்பாவுக்கு ஆறுதல் எழுதியிருந்தார்.

அவர்களிடம் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது என்பதை அப்பா பதிலில் எழுதவில்லை. அத்தை கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கூடையைக் கட்டினார். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரங்க என்று பெயர். இங்கே இந்தியாக்காரங்க.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்கப் பிரதிநிதி தோட்டத்துக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது 1970இல்தான். ஹிப்பிகள் தேயிலைச் செடி நடுவே படுத்து வானம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் தலைவருக்கு லயத்து வாசல் மிதிக்கச் சட்டத்தின் கதவு திறந்தது. 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. அதோடு ஒப்பாரிக் கோச்சியும் நின்றது, தரைவழிப் பயணிகளும் நின்றார்கள்.

இப்போது வருகிறவர்கள் விமானத்தில் வந்து, கண்டியில் கோச்சி ஏறி, வாசலில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு எல்லயில் இறங்குகிறார்கள். துரை பங்களாக்கள் பல ஹோட்டலாகிவிட்டன. ஒரு இரவுக்கு அவர்கள் வாங்கும் காசை அண்ணன் மகன் சொன்னபோது நான் நம்பவில்லை, போனில் காட்டினான். 2023இல் பீக்கோ டிரெயில் என்று ஒன்று வந்தது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதை, 22 கட்டங்கள். லூல்கந்துரை வழியாகவும் எங்கள் நோர்வூட், பொகவந்தலாவை வழியாகவும் போகிறது. புதிதாக வெட்டியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கொழுந்து நிறுக்கவும், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடவும், பிள்ளைக் காம்பிராவில் குழந்தையை விடவும் எங்கள் ஆட்கள் மிதித்து மிதித்து உண்டாக்கிய குறுக்குப் பாதைகளும் பழைய தோட்டத்து ரோட்டுகளும். நல்ல முயற்சி, நான் குறை சொல்லவில்லை. கடைக்காரனுக்கு நாலு தேத்தண்ணி கூடுதலாகப் போகிறது. அதே 2023இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் ஒரு நடை நடந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு முன்னோர் நடந்த வழியில், வழியெங்கும் சிங்கள, முஸ்லிம், தமிழ்க் கிராமத்தவர் தண்ணீர் கொடுக்க. நான் மதவாச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டு, முழங்கால் ஒத்துழைத்த மட்டும் நடந்தேன். அந்தப் பாதைக்கு அடையாளப் பலகை எதுவும் இல்லை.

அண்ணன் மகன் ஏன் தன் சொந்த லயத்தில் அறை விடவில்லை என்று ஒரு டச்சுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு லயத்தில் தங்கத்தான் ஆசை. விருந்தினர் வீடு என்று பதியப் போனால் முதலில் கேட்பது வீட்டுப் பத்திரம். ஐந்து தலைமுறை இருந்த காம்பிராவுக்கு எங்களிடம் பத்திரம் கிடையாது. காம்பிரா தோட்டத்துடையது. கடிதம்கூட வீட்டு இலக்கத்துக்கு வராது, தோட்டத்து ஆபீசுக்கு வரும். ஆகவே அவன் நல்லதண்ணிக் கடைத்தெருவில் ஒரு முதலாளியின் மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, அதை இவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். லயம் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களை மாலையில் அம்மாவிடம் கூட்டிப்போவான். அண்ணி வேலை முடிந்து வந்து, படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டு, கால் கழுவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். போட்டோ பிடிக்க விடமாட்டார், முதலில் தலை சீவ வேண்டும். அதற்குள் அவர் கேள்விகள் தொடங்கிவிடும். நான்தான் மொழிபெயர்ப்பு.

அன்றைக்கு அந்த டச்சுப் பெண்ணிடம் விமான டிக்கட் என்ன விலை என்று கேட்டார். இலங்கைக் காசில் கணக்குப் போட்டு மூன்று லட்சம் சொச்சம் என்றேன். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்ததிலிருந்து அப்போது அண்ணிக்குக் கணக்கு அந்த எண்ணில்தான் ஓடியது. அதுவும் தோட்டம் சொல்கிற கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, இல்லாவிட்டால் அரைப்பேர். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"இருநூத்தி இருவது பேருக்கு மேல வருது தம்பி. கிட்டத்தட்ட ஒரு வருசத்துப் பேரு. அவ்வளவையும் குடுத்து வந்து, இந்த மழையில நனைஞ்சிக்கிட்டு அந்த மலைக்கு நடந்தா ஏறப் போகுது இந்தப் புள்ள? நம்ம மேற்கணக்கு மலைக்கு வரச் சொல்லு, நடக்கிறதுக்குக் காசு குடுப்பாங்க."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.